வெட்கம் நோயைத் தீர்க்காது



காய்ச்சல், தலைவலி என்றால் உடனே மருந்துக்கு வருகிறோம். வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு என்றால் மட்டும் வாய் திறப்பதில்லை. "இதைப் போய் டிரசர்கிட்ட எப்படிங்க சொல்றது?" என்று மூடி வைக்கிறோம்.

இப்படி மூடி வைப்பதால் எவ்வளவு நோய் மறைந்து கிடக்கும்? இந்தியாவில் கட்சிரோலி என்பது பழங்குடியினர் நிறைந்த காட்டு மாவட்டம். அங்கே டாக்டர் ராணி பங், அவர் கணவர் டாக்டர் அபய் பங் குழுவினர் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 92 பேருக்கு ஏதாவதொரு பெண்நோய் இருந்தது. அதற்கு முன் பரிசோதனை செய்துகொண்டவர்களோ நூற்றுக்கு 8 பேர்தான்!

வெட்கம் மட்டுமல்ல, பெரிய கட்டடத்தையும் வெள்ளைக் கோட்டையும் கண்டு அந்தச் சனங்களுக்குப் பயம். ஆகவே அவர்களையே கேட்டு, கிராமம் போலவே ஆஸ்பத்திரி அமைத்து, அவர்கள் கும்பிடும் தந்தேஸ்வரி அம்மன் பெயரையும் வைத்தார்கள்.

நம் விஷயத்துக்கு வருவோம். முட்டை வெள்ளைக்கரு மாதிரி தெளிவாக, வாடையில்லாமல் படுவது நோயல்ல. "உடம்பு உருகுது" என்று பயப்பட வேண்டாம். ஆனால் கெட்ட வாடை, அரிப்பு, அடிவயிற்று வலி, உறவுக்குப் பின் இரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள்.

ஆண்களே, சிறுநீர் எரிந்து சீழ் வந்தால் அது வெட்டை நோயாக இருக்கலாம். மனைவிக்குத் தொற்றினால் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது; ஆனால் கருக்குழாய் அடைத்துப்போகலாம். பிறகு பிள்ளையில்லை என்று அவளையே ஏசுவது என்ன நியாயம்?

மேகப்புண் வலிக்காது, தானே ஆறிவிடும். கிருமி மட்டும் உடம்பிலேயே தங்கிவிடும். ஆரம்பத்தில் வந்தால் பெனிசிலின் ஊசியில் குணமாகும். கடையில் கண்ட மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். கணவன் மனைவி இருவருமே பரிசோதனை செய்து மருந்து எடுக்கவேண்டும். ஒருவரை விட்டால் நோய் திரும்பவும் வரும்.

கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் இரத்தம் எடுப்பது மேகநோய், எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்கவும்தான். இப்படிப் பார்த்து மருந்து கொடுத்ததால், தாயிடமிருந்து பிள்ளைக்கு இவை பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் மலேசியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது.

டிரசரிடம் சொல்லக் கூச்சமா? அரசாங்க கிளினிக்கில் மிஸ்ஸியிடம் தனியாகப் பேசவேண்டும் என்று கேளுங்கள். ஆனால் சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.