நியூட்ரல் அறுந்தால் 400 வோல்ட்

தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட் ஓடத் தொடங்கியது 1979-ல். பிறகு தலா 210 மெகாவாட் திறனில் ஐந்து யூனிட்களாக வளர்ந்தது. கரண்ட் தயாராகும் ஊரிலேயே லோ வோல்டேஜ் வரலாமா என்று தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஒருவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்தக் கரண்ட் நேரே வீட்டுக்கு வருவதில்லை. ஜெனரேட்டரில் 15,750 வோல்ட்டாகப் பிறந்து, 2,30,000 வோல்ட்டுக்கு ஏறி, மாநில மின்தொகுப்பில் கலந்து, பிறகு படிப்படியாக இறங்கி 11,000 வோல்ட்டாகத் தெரு டிரான்ஸ்பார்மரை அடைகிறது. அங்கிருந்து வீடு வரையிலான கடைசிச் சில நூறு மீட்டரில்தான் பெரும்பாலான தொல்லைகள்.

வோல்டேஜ் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசம். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230. இரண்டு பேஸ்களுக்கு இடையே 400. ஒரு வீட்டுக்குள் வரும் நியூட்ரல் மட்டும் விட்டுப்போனால், ஃபேன் சுவிட்ச் போட்டிருக்கும்போது பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும். "ரிட்டன் வருது" என்பார் வயர்மேன். இரண்டு பக்கமும் உயிர் இருக்கிறது, வித்தியாசம் இல்லை. அதனால் எதுவும் ஓடாது. தொட்டால் மட்டும் ஷாக் அடிக்கும்.

தெருவின் நியூட்ரலே அறுந்தால் நிலைமை வேறு. அப்போது வெவ்வேறு பேஸில் உள்ள வீடுகள் தொடராக இணைந்து 400 வோல்ட்டைப் பங்குபோடுகின்றன. ஒரு வீட்டில் 2,000 வாட் ஹீட்டர், இன்னொரு வீட்டில் 100 வாட் டிவி மட்டும் ஓடுவதாக வைத்துக் கணக்குப் போட்டால், ஹீட்டருக்குக் கிடைப்பது சுமார் 19 வோல்ட். டிவியின் தலையில் விழுவது சுமார் 381. கரண்டைக் குறைவாகச் செலவழித்த வீட்டுக்குத்தான் சேதம்! ஒரே தெருவில் ஒரு வீட்டில் பல்பு மங்க, அடுத்த வீட்டில் கண் கூசும்படி எரிந்தால் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கடற்கரை ஊர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. அலுமினியக் கம்பியும் செப்பு வயரும் நேரடியாக முறுக்கப்பட்ட இணைப்பில் உப்பு ஈரம் படிந்தால், அலுமினியம் அரிக்கப்படுகிறது. இணைப்பின் தடை கூடுகிறது, சூடேறுகிறது, ஒருநாள் விட்டுப்போகிறது. இரண்டு உலோகங்களுக்கும் பொருந்தும் பைமெட்டாலிக் லக் போடுவது வீண்செலவல்ல.

சாதாரண எம்சிபி இந்த ஆபத்தைத் தடுக்காது. அது கூடுதல் கரண்டைத்தான் பார்க்கிறது, கூடுதல் வோல்டேஜை அல்ல. அதற்கென்று மெயின் போர்டில் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப் தனியாகப் பொருத்த வேண்டும். அது இல்லாத வீட்டில் விளக்கு திடீரெனப் பிரகாசித்தால், மெயினை அணைத்துவிட்டு, பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிட்டு, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குப் புகார் தர வேண்டும். லைன்மேன் நியூட்ரலைச் சரிசெய்யும்வரை மெயினைப் போடக் கூடாது.