பட்டு நெய்தவர் மகளுக்கு பட்டு இல்லை! வில்லன் பிரகாஷ்ராஜ் நெசவாளியாகி தேசிய விருது வாங்கிய கதை

ஆரணி:

"கில்லி" முத்துப்பாண்டியை தெரியாதவர் யார்? "செல்லம்" என்று ஒரு வார்த்தை சொன்னாலே தியேட்டரில் விசில் பறக்கும். அப்படி கத்தி, மிரட்டி, சிரிச்சு பேர் வாங்கிய பிரகாஷ்ராஜ், ஒரு படத்தில் அதிகம் பேசாமல் தறியில் போய் உட்கார்ந்தார். நாட்டின் சிறந்த நடிகர் என்ற தேசிய விருது அவருக்கு அந்த படத்துக்குத்தான் கிடைத்தது.

படத்தின் பெயர் "காஞ்சிவரம்". கதை நடப்பது என்னவோ காஞ்சீபுரத்தில்தான். ஆனால் பட்டுத்தறியை நம்பி வாழும் ஆரணிக்காரர்கள் பார்த்தால் "இது நம்ம வீட்டு கதையாச்சே" என்று சொல்லுவார்கள்.

பெங்களூரு பையன்

பிரகாஷ்ராஜ் பிறந்தது 1965-ம் ஆண்டு மார்ச் 26-ந்தேதி, பெங்களூருவில். சொந்தப் பெயர் பிரகாஷ் ராய். வசதியான குடும்பம் இல்லை. பெங்களூரு கலாசேத்ராவில் நாடகம் போட்டு, டி.வி. தொடர்களிலும் கன்னடப் படங்களிலும் சின்னச்சின்ன வேடங்களில் நடித்து வந்தார்.

அவரை தமிழுக்கு கொண்டு வந்தவர் டைரக்டர் கே.பாலசந்தர். 1994-ம் ஆண்டு "டூயட்" படத்தில் வாய்ப்பு கொடுத்து, பிரகாஷ் ராயை பிரகாஷ்ராஜ் ஆக்கினார். அந்த நன்றியை பிரகாஷ்ராஜ் மறக்கவில்லை. பின்னாளில் சொந்தமாக படக்கம்பெனி தொடங்கியபோது அதற்கு "டூயட் மூவீஸ்" என்றே பெயர் வைத்தார்.

1995-ல் வந்த "ஆசை" படம் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோய் சேர்த்தது. மனைவியின் தங்கை மேலேயே கண் வைக்கும் ராணுவ அதிகாரி வேடம். அடிதடி கிடையாது, அருவா கிடையாது. சிரித்துக்கொண்டே பயமுறுத்தினார். வில்லன்னா முறைச்சுக்கிட்டுத்தான் நிக்கணும் என்ற வழக்கத்தை அந்த படம் உடைத்தது.

எந்த சட்டையும் பொருந்தும்

அதற்குப் பிறகு அவரை ஒரே கட்டத்துக்குள் அடைக்க யாராலும் முடியவில்லை.

1997-ல் மணிரத்னத்தின் "இருவர்" படத்தில் தமிழ்செல்வனாக வந்தார். மேடைப் பேச்சிலும் கவிதையிலும் மக்களைக் கட்டிப்போடும் அரசியல் தலைவர் வேடம். தாய்மொழி தமிழ் இல்லாத ஒருவர் அந்த தமிழைப் பேசி நடித்ததற்கு சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. "அந்தப்புரம்" என்ற தெலுங்குப் படத்துக்காக தேசிய விருதுகளில் சிறப்பு அங்கீகாரமும் பெற்றார்.

2002-ல் "கன்னத்தில் முத்தமிட்டால்" படத்தில் சிங்கள டாக்டராக வந்தார். 2004-ல் "கில்லி"யில் மதுரை முத்துப்பாண்டி. அதே ஆண்டு "வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்." படத்தில் கமல்ஹாசனிடம் மாட்டிக்கொண்டு திண்டாடும் டாக்டர். 2007-ல் அவரே தயாரித்த "மொழி" படத்தில் கலகலப்பான நண்பன். 2008-ல் "சந்தோஷ் சுப்பிரமணியம்" படத்தில் மகனுக்காக எல்லாவற்றையும் தானே முடிவு செய்யும் அப்பா. அதே ஆண்டு "அபியும் நானும்" படத்தில் மகளைப் பிரிய முடியாமல் தவிக்கும் அப்பா.

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என்று போன இடமெல்லாம் அந்த ஊர் ஆள் மாதிரியே தெரிந்தார். 2011-ல் "சிங்கம்" இந்திப் படத்தில் வடநாட்டு ரசிகர்களுக்கும் பிடித்த வில்லன் ஆனார்.

வாயில் ஒளித்த பட்டு நூல்

இந்த ஓட்டத்துக்கு நடுவில் வந்ததுதான் "காஞ்சிவரம்". டைரக்டர் பிரியதர்ஷன். 2008-ம் ஆண்டு கனடாவின் டொரண்டோ பட விழாவில் காட்டப்பட்டு, 2009 மார்ச் மாதம் தியேட்டருக்கு வந்தது.

கதை நடப்பது சுதந்திரத்தை ஒட்டிய காலம். வெங்கடம் என்ற நெசவாளி ஜெயிலில் இருந்து ரெண்டு நாள் பரோலில், போலீஸ் காவலோடு ஊருக்கு பஸ்சில் வருகிறான். கொட்டும் மழை. பழைய நினைவுகள் ஓடுகின்றன.

வாழ்நாள் முழுக்க பட்டு நெய்தவன் அவன். அவனுடைய அப்பாவும் நெய்தவர்தான். ஆனால் அப்பா செத்தபோது மேலே போர்த்த ஒரு முழம் பட்டு கிடைக்கவில்லை. பட்டு சேலை கட்டிய பெண்ணைத்தான் கட்டுவேன் என்று சொன்னவனுக்கு, மனைவி அன்னத்துக்கும் பட்டு வாங்கித்தர முடியவில்லை. மகள் தாமரை பிறந்ததும், "உன் கல்யாணத்துக்கு பட்டு சேலை தருவேன்" என்று ஊர் முன்னால் வாக்கு கொடுக்கிறான்.

வாங்கும் கூலியில் அது நடக்காது. என்ன செய்வான்? வேலை முடிந்து வரும்போது பட்டு நூலை வாயில் ஒளித்து எடுத்து வருகிறான். ராத்திரி யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தறியில், மகளுக்கான சேலையை கொஞ்சம் கொஞ்சமாக நெய்கிறான்.

கூலி உயர்வு கேட்டு நெசவாளர்களைத் திரட்டி போராட்டம் நடத்துபவனும் அவனேதான். வேலைநிறுத்தம் நீண்டால் நூல் கிடைக்காது. மகள் கல்யாணமோ நெருங்குகிறது. போராட்டத்தை கைவிடுகிறான். கடைசியில் திருட்டு வெளியே வந்து ஜெயிலுக்கு போகிறான்.

பரோலில் வந்து பார்த்தால் மகள் கிணற்றில் விழுந்து அசைய முடியாமல் கிடக்கிறாள். பார்த்துக்கொள்ள நாதி இல்லை. மகளை அந்த நிலையில் விட்டுப்போக மனமில்லாமல் சோற்றில் விஷம் வைத்து கொடுக்கிறான். தறியில் பாதியில் நிற்கும் சேலையை அறுத்து எடுத்து வந்து போர்த்துகிறான். தலையை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம் தெரிகிறது. இப்படியும் அப்படியும் இழுத்து இழுத்து பார்க்கிறான்.

அந்த காட்சியில் பிரகாஷ்ராஜுக்கு பெரிய வசனம் எதுவும் இல்லை. கையும் கண்ணும்தான் நடித்தன.

2009 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட 2007-ம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் "காஞ்சிவரம்" சிறந்த படம் ஆனது. பிரகாஷ்ராஜ் சிறந்த நடிகர் ஆனார். தமிழ்ப் படத்தில் நடித்து அந்த விருதை அவருக்கு முன் வாங்கியவர்கள் எம்.ஜி.ஆர்., கமல்ஹாசன், விக்ரம் மூன்று பேர்தான்.

ஆரணிக்கு ஏன் வலிக்கும்?

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதி ஓரத்தில் இருக்கும் ஆரணிக்கு ரெண்டு பெருமை. ஒன்று அரிசி, இன்னொன்று பட்டு. ஆரணிப் பட்டுக்கு புவிசார் குறியீடும் உண்டு.

இங்கே பல நெசவாளர்களுக்கு தறி மட்டும்தான் சொந்தம். பாவு, ஊடைப் பட்டு, ஜரிகை எல்லாம் முதலாளி கொடுப்பார். எடை போட்டுத்தான் கொடுப்பார். நெய்து முடித்த சேலையையும் எடை போட்டுத்தான் வாங்குவார். குறைந்தால் கணக்கு கேட்பார். வெங்கடம் ஏன் இழை இழையாக எடுத்தான் என்பது தறிக்காரர்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரு சேலை முடிய பல நாள் ஆகும். நெய்பவர் ஒருவர் என்றாலும் வேலை வீட்டுக்கே உண்டு. பாவு பிணைக்க வேண்டும், தார் சுற்ற வேண்டும். வீட்டுப் பெண்களும் வயசானவர்களும்தான் அதை செய்வார்கள். கூலி என்னவோ சேலைக்கு ஒரே கூலி.

கச்சாப் பட்டு பெரும்பாலும் கர்நாடகாவில் இருந்து வருகிறது. ஜரிகை குஜராத்தின் சூரத்தில் இருந்து வருகிறது. வெள்ளி, தங்கம் விலை ஏறினால் ஜரிகை விலையும் ஏறும். சேலை விலை கூடினால் வியாபாரம் படுக்கும். வியாபாரம் படுத்தால் முதலில் நிற்பது தறிதான்.

வெங்கடம் காலம் மாதிரியே இன்றும் இருக்கிறது என்று சொல்ல முடியாது. 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. கூட்டுறவு சங்கங்கள் இருக்கின்றன. கைத்தறிக்கு இலவச மின்சாரம் கிடைக்கிறது. சில ரகங்களை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்று 1985-ம் ஆண்டு சட்டமே இருக்கிறது. ஆனாலும் விசைத்தறி சேலையை கைத்தறி என்று சொல்லி விற்கிறார்கள் என்ற புகார் ஓய்ந்தபாடில்லை.

படித்த பிள்ளைகளுக்கு தறி வேண்டாம். செய்யாறு சிப்காட், ஸ்ரீபெரும்புதூர், சென்னை, பெங்களூரு என்று மாதச் சம்பளம் தேடி போகிறார்கள். "எங்களோட போகட்டும்" என்றுதான் பெற்றவர்களும் நினைக்கிறார்கள்.

இன்றும் நடிக்கிறார்

பிரகாஷ்ராஜ் சினிமாவோடு நிற்கவில்லை. 2012-ல் "தோனி" படத்தை டைரக்ட் செய்து நடித்தார். 2019 நாடாளுமன்ற தேர்தலில் பெங்களூரு மத்திய தொகுதியில் சுயேச்சையாக நின்று தோற்றார். 2021-ல் "ஜெய்பீம்" படத்தில் போலீஸ் அதிகாரி, 2022-ல் "பொன்னியின் செல்வன்" படத்தில் நோயில் படுத்த சுந்தர சோழர் என்று நடிப்பும் தொடர்ந்தது. 2024-ல் "கில்லி" மறுபடியும் தியேட்டருக்கு வந்தபோது, அப்போது பிறக்காத பிள்ளைகளும் முத்துப்பாண்டிக்கு கைதட்டினார்கள்.

முத்துப்பாண்டியை ஊரே கொண்டாடுகிறது. வெங்கடத்தை தியேட்டரில் போய் பார்த்தவர்கள் குறைவுதான். கல்யாண மண்டபத்தில் பளபளக்கும் சேலையைப் பார்த்து விலை கேட்பவர்கள் உண்டு. "அதை நெய்தவர் வீட்டு கல்யாணத்தில் என்ன சேலை?" என்று கேட்டவர் வெங்கடம். ஆரணி தறிக்காரர்கள் வீட்டில் அந்த கேள்வி இன்னும் பழசாகவில்லை.