மனம் விட்டுப் பேச ஓர் அறை

திருவிழாக் கூட்டத்தில் யாராவது, "என்னம்மா வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டால், "மனநல ஆலோசகர்" என்று சொல்வேன். சிலர் மெல்ல அரையடி தள்ளி நின்றுகொள்வார்கள். வேறு சிலர், "அப்படியானால் எங்கள் பையனுக்கு நாலு புத்தி சொல்லுங்களேன்" என்பார்கள். இவ்விரண்டு எண்ணங்களையும் தாண்டித்தான் ஒருவர் என் அறைக்கு வந்து சேரவேண்டியிருக்கிறது.

கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கிறது அந்த அறை. கீழே தையற்கடை. என்னைப் பார்க்க வருகிறவர்களில் சிலர் கையில் ஒரு துணிப்பையோடு வருவதுண்டு. தெரிந்தவர் யாரேனும் எதிர்ப்பட்டால், ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? தையற்காரருக்கும் இது தெரியும். அவர் ஒன்றும் கேட்பதில்லை.

கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போது பெயரும் நட்சத்திரமும் சொன்னால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. சந்நிதியில் நின்று ஒருவர் கண்ணீர் விட்டாலும் ஏன் என்று எவரும் கேட்பதில்லை. நம் மக்களுக்கு அது பெரிய ஆறுதல். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கெல்லாம் போய்விட்டுத்தான் வருகிறார்கள். போகவேண்டாம் என்று நான் சொல்வதில்லை. இங்கே எதிரில் ஒருவர் உட்கார்ந்து திரும்பக் கேள்வி கேட்பார், அதுதான் வேறுபாடு.

ஒரு சந்திப்பு ஏறக்குறைய 50 நிமிடம். நான் மருந்து எழுதிக் கொடுப்பதில்லை; அது மனநல மருத்துவரின் பணி. பல வாரமாகத் தூக்கமின்மை, காதில் குரல் கேட்பது போன்றவை இருந்தால் மருத்துவரிடம் அனுப்பிவைப்பேன். புத்திமதியும் சொல்வதில்லை. "குடியை விடு", "அவளை மறந்துவிடு" என்று வீட்டில் ஆயிரம் முறை சொல்லியாயிற்று. ஆயிரத்தோராவது முறை நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? மனத்தில் இருப்பதை அவர் தம் வாயாலேயே வரிசைப்படுத்திச் சொல்லும்படி கேட்கிறேன். அப்படிச் சொல்லி வருகையில், தமக்கே தெரியாதிருந்த ஒன்றைச் சொல்லிவிட்டு அவரே திகைத்து நிற்பதுண்டு.

நம் நாட்டில் இத்தொழிலுக்கென 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் இருக்கிறது. வாரியத்தில் பதிந்துகொள்ள வேண்டும். தொழில் நடத்தச் சான்றிதழும் வேண்டும். ஆலோசகரின் பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்று தொடங்கும் இரண்டு எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேட்பதில் தவறில்லை. "பேசுவதற்குக் காசா?" என்றும் கேட்கிறார்கள். அறை வாடகையும் மின்கட்டணமும் பேசாமலிருந்தாலும் கட்டத்தானே வேண்டியிருக்கிறது!

இனி, எனக்கு அன்றாடம் வரும் சங்கடத்தைச் சொல்கிறேன். எந்தவொரு தனி நபரின் கதையும் இதில் இல்லை. பல குடும்பங்களில் கண்டதுதான். மகனைத் தந்தை அழைத்து வருவார், பணமும் கட்டுவார். முடிந்ததும் என்னைத் தனியே பார்த்து, "ஏம்மா, பையன் என்ன சொன்னான்?" என்பார். பெற்ற மனம் துடிப்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்வதற்கில்லை. வயது வந்த பிள்ளை முதலில் சின்னச் சின்னச் செய்திகளைச் சொல்லி என்னைச் சோதித்துப் பார்ப்பான்: முதலாளி திட்டினார், மோட்டார் சைக்கிள் தவணை பாக்கி என்று. அவை வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று உறுதியான பிறகு, நான்காவது ஐந்தாவது சந்திப்பில்தான் உண்மையான சுமை இறங்கும்.

இந்த இரகசியத்துக்கும் எல்லை உண்டு. முதல் நாளே அதைச் சொல்லிவிடுகிறேன்: உயிருக்கு ஆபத்து என்றாலோ, சிறு பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்றாலோ நான் வாய்மூடி இருக்கமாட்டேன்.

தற்கொலைக்கு முயல்வது இந்நாட்டில் 2023ஆம் ஆண்டு வரை குற்றமாக இருந்தது. குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் விதிக்கலாம். அவமானத்தோடு போலீஸ் பயமும் சேர்ந்தால் யார்தான் வாய் திறப்பார்? அவ்வாண்டு அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. ஆயினும் பழைய பயம் இன்னும் போகவில்லை. ஆகவே, ஐயம் எழும்போது நானே நேராகக் கேட்டுவிடுகிறேன்: "செத்துவிடலாம் என்று நினைத்ததுண்டா?" கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் கண்டவரையில், கேட்டதும் பலர் ஒரு நீண்ட மூச்சு விடுகிறார்கள். "இன்றிரவு உன்னோடு யார் இருப்பார்கள்? யாரிடம் இதைச் சொல்லலாம்?" என்பது அடுத்த கேள்வி. அவர்களே ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விடுவேன். அநேகமாக அப்பா பெயர் வராது. ஓர் அத்தை, ஒரு சித்தி, சில சமயம் பழைய பள்ளித்தோழன். என் தொலைபேசியிலிருந்தே, அவர்கள் எதிரிலேயே அழைப்போம்.

இரவு நேரத்தில் என் அறை பூட்டியிருக்கும். கோலாலம்பூரில் 1970இல் தொடங்கிய பிஃபிரண்டர்ஸ் அமைப்பின் தொலைபேசி 24 மணி நேரமும் இயங்குகிறது: 03-7627 2929. கட்டணமில்லை, பெயரும் சொல்ல வேண்டியதில்லை. தமிழ் பேசும் தொண்டர் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.