கிரீஸ் டப்பாவில் கிடக்கும் வெளிச்சம்

மேட்டுப்பாளையத்து லாரிப் பட்டறைத் தோழர்களுக்குக் கருப்புக் கிரீசை நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பேரிங்கில் அதைத் தடவித் தடவி நகக்கண் கறுத்த கைகள் அவை! அந்தக் கருப்பில் கலந்திருக்கும் பொருளின் பெயர் மாலிப்டினம் டைசல்பைடு. ஏடு ஏடாக அடுக்கியதுபோன்ற கனிமம். ஏட்டின்மேல் ஏடு வழுக்குவதால்தான் சக்கரம் தேயாமல் சுழல்கிறது.

அந்தக் கருப்பு ஒளி வீசும் என்றால் நம்புவீர்களா? அடுக்கிலிருந்து ஒரே ஓர் ஏட்டைத் தனியே பிரித்து, அதன்மேல் ஒளியைப் பாய்ச்சினால், பதிலுக்குச் சிவப்பொளி வீசுகிறது. கட்டியாக இருக்கையில் மங்கிக் கிடப்பது ஒற்றை ஏடானதும் ஒளிர்வதை 2010-ல் கண்டார்கள். அந்த ஏட்டின் கனம் மூன்றே அணு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், ஒரு கூறுக்கும் குறைவு!

ஏடு உரிக்கும் வித்தை பிறந்த கதை இன்னும் வேடிக்கை. 2004-ல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் என்ற இருவர், பென்சிலில் உள்ள கிராபைட்டைக் கடையில் விற்கும் டேப்பினால் ஒட்டி உரித்து, ஓரணுக் கனமுள்ள கிராபீனைப் பிரித்தார்கள். 2010-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஆனால் டேப்பை வைத்துத் தொழிற்சாலை நடத்த முடியுமா? ஆகவே உலை வந்தது. மாலிப்டினம் ஆக்சைடுத் தூளையும் கந்தகத்தையும் குழாய் உலையில் 700 டிகிரி அளவில் ஆவியாக்கி, சிலிக்கான் வில்லைமேல் ஏடாகப் படியவைக்கிறார்கள். மேலே பிசின் பூசி, எலெக்ட்ரான் கற்றையால் கோடு வரைந்து, கோட்டின் வழியே பொன்னைப் படியவைத்தால் மின்முனை தயார். ஒளி பட்டவுடன் மின்சாரம் பாயும் குட்டிக் கண் அது. காற்றைக்கூட வடிகட்டி அனுப்பும் அறையில் நடக்கும் வேலை.

எதற்கு இத்தனை பாடு? சிலிக்கானை ஓரளவுக்குமேல் மெலிதாக்கினால் மின்னோட்டம் தடுமாறுகிறது. இந்த ஏடுகளோ பிறவியிலேயே மெலிந்தவை, வழவழப்பானவை. ஐரோப்பா 2013-ல் கிராபீனுக்கென்றே பத்தாண்டுக்கு நூறு கோடி யூரோ ஒதுக்கியது.

இங்கே? பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து அறிஞர்கள் முப்பது பேர், இத்தகைய ஏடுகளால் சில்லு செய்ய 2022-ல் மத்திய அரசிடம் திட்டம் கொடுத்தார்கள். 2024-ல் திருத்திக் கொடுத்தார்கள். கேட்டது ஐந்தாண்டுக்கு 500 கோடி ரூபாய். 2025 ஏப்ரலிலும் அது பரிசீலனையில்தான் இருந்தது. குஜராத்தின் தொலேராவில் டாட்டா கட்டும் 91,000 கோடி ரூபாய்ச் சிலிக்கான் ஆலைக்குத் திட்டச் செலவில் பாதியைத் தர 2024-லேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. அதற்குரிய நுட்பமும் தைவானிலிருந்து வருவது! ஆலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நுட்பத்தை விலைக்கு வாங்கக் கஜானா திறக்கிறது. சொந்தமாகக் கண்டுபிடிக்கக் கேட்டால் காகிதம் மேசைக்கு மேசை நகர்கிறது. இது என்ன கணக்கு?

தமிழக அரசின் 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் குறைகடத்தி இயக்கத்துக்கு ஐந்தாண்டுக்கு 500 கோடி அறிவிக்கப்பட்டது. சூலூரிலும் பல்லடத்திலும் நூறு நூறு ஏக்கரில், அத்துறைக்கான இயந்திரம் செய்யும் பூங்காக்கள் என்றும் சொன்னார்கள். வரவேற்கிறோம். குழாய் உலையும் வெற்றிடப் பம்பும் வானத்திலிருந்து விழுவதில்லை. லேத்தில் கடைந்து, கசிவின்றி வெல்டு வைத்துத்தான் ஆகவேண்டும். மோட்டாரும் பம்பும் செய்து பழகிய கொங்கு நாட்டுக்கு அது எட்டாக்கனியா?

மேட்டுப்பாளையத்துத் தோழர் காந்திபுரத்தில் பஸ் மாறினால் சூலூர் போய்விடலாம். சிறுமுகை விஸ்கோஸ் ஆலை மூடியபோது வேலையிழந்த குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் புதுத் தொழிலில் காவல்காரர் வேலை மட்டும்தானா? பூங்காவுக்கு முதல் ஆள்சேர்ப்பு விளம்பரம் வரும் நாளில், என்ஜினியருக்குப் பக்கத்தில் டர்னர், ஃபிட்டர், வெல்டர் என்ற சொற்களும், அவர்களுக்கான பயிற்சிக் காலமும், அந்தக் காலத்துக்குரிய சம்பளமும் அச்சாகியிருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.