புது லேப்டாப்பில் கிளீன் இன்ஸ்டால்: எது அழியும், எது அழியாது?

புது லேப்டாப் வாங்கும்போது என்ன பார்க்கணும்னு போன எபிசோட்ல பேசினோம். அதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "வாங்கியாச்சு. இப்போ விண்டோஸை அழிச்சிட்டு புதுசா போடணுமா, இல்ல ரீசெட் கொடுத்தா போதுமா?" ரெண்டும் ஒண்ணுதான்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. இல்லைங்க. அது ஏன்னு புரியணும்னா, லேப்டாப்ல எந்த விஷயம் எங்க இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும்.

பெட்டியைப் பிரிச்சு ஆன் பண்ணும்போது வர்றது மைக்ரோசாஃப்ட் கொடுத்த விண்டோஸ் மட்டும் இல்ல. லேப்டாப் கம்பெனி அதோட தன்னோட டிரைவர்கள், தன்னோட ஆப்கள், ஒரு டிரையல் ஆன்டிவைரஸ், யாரும் கேட்காத ரெண்டு கேம் எல்லாத்தையும் சேர்த்து ஒரு இமேஜா கட்டி ஃபேக்டரியிலயே டிஸ்க்ல ஏத்திடுது. இதுல சிலதை வைக்கிறதுக்கு அந்தந்த சாஃப்ட்வேர் கம்பெனிகள் காசு கொடுக்கும். லேப்டாப் விற்பனையில லாபம் மெலிசு, அதனால இந்தக் காசை அவங்க விட மாட்டாங்க. இது வெறும் எரிச்சலோட நின்னா, உட்கார்ந்து ஒவ்வொண்ணா அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிடலாம். எப்பவும் அதோட நிக்கிறதில்லை என்பதுதான் பிரச்சினை.

இதுக்கு நல்ல உதாரணம் சூப்பர்ஃபிஷ். 2014 செப்டம்பர்ல இருந்து சில மாசம், லெனோவோ தன்னோட சில வீட்டு உபயோக லேப்டாப் மாடல்கள்ல இந்த சாஃப்ட்வேரைப் போட்டு அனுப்பிச்சு. நீங்க ஒரு வெப்சைட்ல பொருள் பார்த்தா, அதே மாதிரி பொருளோட விளம்பரத்தை அந்தப் பக்கத்துக்குள்ளயே சொருகுறதுதான் இதோட வேலை. ஆனா பூட்டு அடையாளம் இருக்கிற பாதுகாப்பான பக்கம் என்கிரிப்ட் ஆகித்தானே வரும், அதுக்குள்ள எப்படி சொருகுறது? அதுக்கு அவங்க கண்டுபிடிச்ச வழி, உங்க விண்டோஸுக்குள்ள தன்னோட ரூட் சர்டிஃபிகேட்டை நட்டு வைக்கிறது. அதாவது, "எந்த வெப்சைட்டுக்கும் நான் சாட்சி சொல்வேன், நம்பு"ன்னு பிரவுசர்கிட்ட சொல்லி வெச்சிடுறது. அப்புறம் பேங்க் சைட்டா இருந்தாலும் நடுவுல உட்கார்ந்து பிரிச்சுப் பார்த்துட்டு, திரும்ப ஒட்டி அனுப்பலாம்.

இதுவே மோசம். இதைவிட மோசம், எல்லா லேப்டாப்லயும் அந்த சர்டிஃபிகேட்டோட ரகசிய சாவி ஒண்ணேதான், அதுவும் லேப்டாப்புக்குள்ளயே இருந்தது. 2015 பிப்ரவரியில ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் அந்த சாவியோட பாஸ்வேர்டை உடைச்சார். பாஸ்வேர்ட் என்ன தெரியுமா? "கொமோடியா". அந்தத் தொழில்நுட்பத்தைச் செஞ்சு கொடுத்த கம்பெனியோட பேரு! அதுக்கு அப்புறம், நீங்க உட்கார்ந்திருக்கிற காபி ஷாப் வைஃபையில இன்னொருத்தர் இருந்தா போதும், அவர் போலி பேங்க் பக்கம் காட்டினாலும் உங்க பிரவுசர் பச்சைக்கொடி காட்டும். இங்கே கவனிக்க வேண்டியது: சூப்பர்ஃபிஷ் ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணினவங்க லேப்டாப்லயும் அந்த சர்டிஃபிகேட் அப்படியே இருந்தது. அதை நீக்குறதுக்குன்னு லெனோவோ தனியா ஒரு டூல் வெளியிட வேண்டியதாச்சு. 2017-ல அமெரிக்காவோட எஃப்டிசி இந்த விவகாரத்துல லெனோவோவோட சமரசம் பண்ணி, 20 வருஷத்துக்கு வெளி ஆடிட் எல்லாம் விதிச்சுது.

அதனாலதான் நான், "தேவையில்லாததை எடுத்துட்டேன்" என்கிறதும் "தேவையானதை மட்டும் போட்டேன்" என்கிறதும் வேற வேறன்னு சொல்றேன். முதல்ல சொன்னதுல, கண்ணுக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் எடுப்பீங்க.

ரீசெட் பட்டனுக்கு வருவோம். செட்டிங்ஸ்ல இருந்து ரீசெட் கொடுக்கும்போது உங்க ஃபைல்கள் போகும், விண்டோஸ் புதுசாகும். ஆனா ரீசெட் ஆனதும் தன்னோட ஆப்கள் திரும்ப வரணும்னு லேப்டாப் கம்பெனி டிஸ்க்லயே ஒரு பேக்கேஜை ஒதுக்கி வெச்சிருக்க முடியும். விண்டோஸே அதுக்கு வழி கொடுக்குது. வீட்டைக் காலி பண்ணிட்டு அதே சாமானை அதே லாரியில திரும்ப இறக்கின கதைதான். கிளீன் இன்ஸ்டால்னா மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து விண்டோஸை பென்டிரைவ்ல இறக்கி, அதுல இருந்து பூட் பண்ணி, எஸ்எஸ்டியில இருக்கிற எல்லா பார்ட்டிஷனையும் அழிச்சிட்டுப் போடுறது.

அப்போ லைசென்ஸ் போயிடுமேன்னு நிறைய பேர் பயப்படுறாங்க. போகாது. விண்டோஸ் 8 காலத்துல இருந்து, கம்பெனி விண்டோஸோட வர்ற லேப்டாப்கள்ல லைசென்ஸ் கீ மதர்போர்டோட ஃபர்ம்வேர்லதான் இருக்கு. டிஸ்கை அழிச்சா அது அழியாது. இன்ஸ்டாலர் தானா படிச்சிக்கும், கீயே கேட்காது. எந்த எடிஷன்னு கூட அதுவே முடிவு பண்ணிடும். நம்ம ஊர்ல விற்கிற லேப்டாப்கள்ல பலது "ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்" எடிஷனோடதான் வருது, அதனால இன்ஸ்டால் ஆனதும் அதே எடிஷன்தான் வரும். இன்ஸ்டால் பண்ணும்போது எந்த மொழியைத் தேர்ந்தெடுக்கிறீங்களோ, மெனு எல்லாம் அந்த மொழியிலதான் இருக்கும், பின்னாடி மாத்த முடியாது. தமிழ்ல டைப் பண்றதுக்கு இது தடை இல்ல, கீபோர்டு தனியா சேர்த்துக்கலாம். ஆன் பண்ணும்போது வர்ற கம்பெனி லோகோவும் இப்படித்தான். சுத்தமா அழிச்சுப் போட்ட பிறகும் அதே லோகோ வருதே, சரியா அழியலையான்னு கேட்காதீங்க. அந்தப் படமும் ஃபர்ம்வேர்ல இருக்கு.

லைசென்ஸும் லோகோவும் போர்டுல தங்கும்னா, வேற எதுவும் தங்கலாம் இல்லையா? தங்கும். விண்டோஸ் பிளாட்ஃபார்ம் பைனரி டேபிள்னு ஒண்ணு இருக்கு. ஃபர்ம்வேர் ஒரு புரோகிராமை மெமரியில வெச்சுக் கொடுத்தா, விண்டோஸ் பூட் ஆகும்போது அதை எடுத்து ஓட்டும். லேப்டாப்பைத் திருடினவன் டிஸ்கை அழிச்சாலும் திருட்டைக் கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் பிழைச்சிருக்கணும் என்ற மாதிரி தேவைகளுக்காக மைக்ரோசாஃப்ட் இதைக் கொடுத்தது. ஆனா 2015-ல பார்த்தா, லெனோவோ சர்வீஸ் என்ஜின்னு ஒண்ணு இதே வழியில கிளீன் இன்ஸ்டால் பண்ணின லேப்டாப்லயும் திரும்ப வந்து உட்கார்ந்தது. அதுலயும் பாதுகாப்புக் குறைபாடு கண்டுபிடிச்சாங்க, லெனோவோ ஃபர்ம்வேர் அப்டேட் கொடுத்து எடுத்தாங்க.

இன்னைக்கும் இந்த வழி திறந்துதான் இருக்கு. ஆசுஸோட மதர்போர்டுகள்ல, புதுசா விண்டோஸ் போட்டதும் "ஆர்மரி கிரேட் இன்ஸ்டால் பண்ணவா"ன்னு தானா ஒரு விண்டோ வரும், பயாஸ்ல அதை நிறுத்துறதுக்கு ஒரு ஆப்ஷனும் இருக்கும். உங்க லேப்டாப்ல இந்த டேபிள் வேலை செய்யுதான்னு பார்க்கணும்னா, இன்ஸ்டால் முடிஞ்சதும் விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம் 32-ல ஒரு ஃபைலைத் தேடுங்க. பேரை எழுத்துக்கூட்டிச் சொல்றேன்: டபிள்யூ, பாரிஸ்ல வர்ற பி, பாம்பேல வர்ற பி ரெண்டு தடவை, ஐ, என். கடைசியில டாட் இஎக்ஸ்இ. இருந்தா பதற வேண்டாம், அது உங்க கம்பெனியோட அப்டேட் ஆப்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஃபைலை அழிச்சா மட்டும் போதாது, அடுத்த பூட்ல திரும்ப வரும். பயாஸ்ல நிறுத்த வழி இருக்கான்னு பாருங்க.

சரி, அழிக்கிறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது. இங்கேதான் அவசரப்படக் கூடாது. முதல் வேலை, ஆஃபீஸ். லேப்டாப்போட "ஆஃபீஸ் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்" இலவசம்னு சொல்லி வித்திருப்பாங்க. அதை இருக்கிற விண்டோஸ்லயே ஒரு தடவை வேர்டைத் திறந்து, உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சேர்த்திடுங்க. சேர்த்தாச்சுன்னா அக்கவுன்ட் பக்கத்துல இருந்து எப்ப வேணா திரும்ப இறக்கலாம். அதைச் செய்யாம அழிச்சிட்டீங்கன்னா, நீங்க காசு கொடுத்து வாங்கினதுக்குக் கஸ்டமர் கேர்ல லைன்ல நிக்கணும்.

ரெண்டாவது, டிரைவர்கள். உங்க மாடலோட சப்போர்ட் பக்கத்துக்குப் போய் வைஃபை டிரைவரையும் ஸ்டோரேஜ் டிரைவரையும் இறக்கி அதே பென்டிரைவ்ல போட்டு வைங்க. ஸ்டோரேஜ் எதுக்குன்னா, இன்டெல் 11-வது தலைமுறையில இருந்து பல லேப்டாப்கள்ல விஎம்டி என்ற ஒரு அமைப்புக்குப் பின்னாடிதான் எஸ்எஸ்டி இருக்கும். டிரைவர் இல்லாம இன்ஸ்டாலர் அதைப் பார்க்காது. "டிரைவ் எதுவும் கிடைக்கலை"ன்னு ஒரு காலி ஸ்கிரீன் வரும், எஸ்எஸ்டி செத்துப்போச்சுன்னு நினைச்சு சர்வீஸ் சென்டருக்கு ஓடுறவங்க இருக்காங்க. அங்கேயே "லோட் டிரைவர்" அழுத்தி, இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் இருக்கிற ஃபோல்டரைக் காட்டுங்க, டிஸ்க் வந்துடும். ஒரு விஷயம், இஎக்ஸ்இ ஃபைலா இருந்தா இன்ஸ்டாலருக்குப் புரியாது, முன்னாடியே பிரிச்சு வைக்கணும். விஎம்டியை பயாஸ்ல அணைச்சிடுன்னு சில வீடியோவுல சொல்வாங்க. ஏற்கனவே இருக்கிற விண்டோஸ் அதுக்கு அப்புறம் நீலத் திரையில நிக்கும், அதனால எல்லாம் எடுத்து வெச்சாச்சுன்னு உறுதியான பிறகு மட்டும் அதைத் தொடுங்க.

பின்னாடி சர்வீஸுக்கோ விற்கவோ பழைய நிலைமை வேணும்னா, ஒரு ரெக்கவரி டிரைவ் போட்டு வெச்சுக்கலாம். லெனோவோ, டெல் மாதிரி கம்பெனிகள் சீரியல் நம்பர் கொடுத்தா ஃபேக்டரி இமேஜையே இறக்கவும் விடுறாங்க.

இன்ஸ்டால் வேலை சுலபம். 8 ஜிபி பென்டிரைவ், மைக்ரோசாஃப்டோட மீடியா கிரியேஷன் டூல், அவ்வளவுதான். பென்டிரைவ்ல இருக்கிறது மொத்தமா அழியும், டிரைவர்களை டூல் முடிஞ்ச பிறகு போடுங்க. "ஆக்டிவேட் பண்ணின விண்டோஸ்"னு டெலிகிராம்ல கிடைக்கிற ஐஎஸ்ஓவைத் தொடாதீங்க. சூப்பர்ஃபிஷ்ல இருந்து தப்பிக்கப் போய், முகம் தெரியாத ஒருத்தர்கிட்ட வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி ஆயிடும். பார்ட்டிஷன் ஸ்கிரீன்ல பென்டிரைவும் ஒரு டிஸ்காத்தான் தெரியும், அளவைப் பார்த்து உள்ளே இருக்கிற எஸ்எஸ்டியில உள்ளதை மட்டும் ஒவ்வொண்ணா டெலீட் பண்ணி, மிஞ்சுற காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுத்தா மீதியை அதுவே பார்த்துக்கும்.

அடுத்த சிக்கல், செட்டப்ல. விண்டோஸ் 11 ஹோம் இன்டர்நெட் இல்லாம மேல போக விடாது, வைஃபை டிரைவர் இல்லாட்டி இன்டர்நெட்டே வராது. கோழியா முட்டையான்னு நிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு ஃபோனைக் கேபிள்ல மாட்டி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. அதுக்கான டிரைவர் விண்டோஸ்லயே இருக்கு. உள்ளே போனதும் விண்டோஸ் அப்டேட்டை ரெண்டு மூணு தடவை ஓட விட்டா பெரும்பாலான டிரைவர்கள் தானா வந்துடும், டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம் மிச்சம் இருக்கிறதுக்கு மட்டும் கம்பெனி சைட்டுக்குப் போங்க. கம்பெனி ஆப் எல்லாமே குப்பைன்னு நான் சொல்ல மாட்டேன். பேட்டரி 80 சதவீதத்தோட நிக்கிற மாதிரி வைக்கிறதுக்கும், கேமிங் லேப்டாப்ல ஃபேன் வேகத்துக்கும் அந்த ஒரு ஆப் பல மாடல்கள்ல வேணும். அதை மட்டும் போட்டுக்கங்க.

முடிச்ச கையோட ஒண்ணு பார்க்கணும். விண்டோஸ் 11-ல 2024-ல வந்த 24எச்2 வெர்ஷன்ல இருந்து, புதுசா இன்ஸ்டால் பண்ணி மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல நுழைஞ்சா, பெரும்பாலான லேப்டாப்கள்ல டிஸ்க் தானா என்கிரிப்ட் ஆகும். நல்ல விஷயம்தான், லேப்டாப் தொலைஞ்சா டேட்டா போகாது. ஆனா மதர்போர்டு மாத்தினாலோ, பயாஸ்ல சிலதை மாத்தினாலோ, 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அந்தக் கீ உங்க அக்கவுன்ட்ல இருக்கும். யாரோ கடைக்காரர் தன்னோட மெயில் ஐடியில செட்டப் பண்ணிக் கொடுத்திருந்தா, கீ அவரோட அக்கவுன்ட்ல இருக்கும்! அப்புறம் உங்க குழந்தையோட ஃபோட்டோ உட்பட எதையும் எந்த டெக்னீஷியனாலும் மீட்க முடியாது. அக்கவுன்ட் பக்கத்துல கீ இருக்கான்னு பாருங்க, ஒரு பேப்பர்ல எழுதி லேப்டாப் பில்லோட சேர்த்து வைங்க.

டிஸ்க்லயும் இல்லாம, போர்டுலயும் இல்லாம, மூணாவதா ஒரு இடத்துல இருக்கிற விஷயமும் உண்டு. செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறவங்க இதைக் கேட்டுக்கங்க. நிறைய நிறுவனங்கள் தங்களோட லேப்டாப்களை மைக்ரோசாஃப்டோட ஆட்டோபைலட் சேவையில பதிவு பண்ணியிருப்பாங்க. லேப்டாப்போட ஹார்டுவேர் அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வர்ல இருக்கும். நீங்க எத்தனை தடவை அழிச்சுப் போட்டாலும், செட்டப்ல இன்டர்நெட் கிடைச்ச உடனே அந்த நிறுவனத்தோட பேரைப் போட்டு ஆஃபீஸ் ஐடி கேட்கும். அதனால ஆஃபீஸ்ல கொடுத்த லேப்டாப்ல இந்த விளையாட்டே வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட்லயோ ஆன்லைன்லயோ பழைய லேப்டாப் வாங்கினா, காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி அங்கேயே ரீசெட் போட்டு, உங்க ஃபோன் ஹாட்ஸ்பாட்ல சேர்த்து, அக்கவுன்ட் கேட்கிற ஸ்கிரீன் வரைக்கும் போங்க. "அதெல்லாம் வேண்டாம் சார், எல்லாம் போட்டு ரெடியா இருக்கு"ன்னு சொன்னா, இன்னும் கண்டிப்பா போங்க. கம்பெனி பேர் வந்துச்சுன்னா, அந்தப் பதிவை அந்த நிறுவனம்தான் நீக்கணும், கடைக்காரரால முடியாது.

உங்க மாடல்ல பயாஸ்ல அந்த ஆப்ஷன் எங்க இருக்குன்னு தெரியலைன்னா, மாடல் பேரோட ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல இதே லேப்டாப்ல விண்டோஸ் பக்கத்துலயே லினக்ஸ் போடுறதைப் பார்க்கலாம்.