ஊர் கூடும் கூரைகள் – 9
பேச்சுக்கும் ஓர் இடம்

கபாலீசுவரர் கோயில் மண்டபங்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதி முடித்தபோது ஒரு கேள்வியைப் பாக்கி வைத்திருந்தேன். உபந்யாசம் கேட்க வந்தவரும், வெயிலுக்கு ஒதுங்கியவரும், பெண்ணுக்கு வரன் விசாரிக்க வந்தவரும் ஒரே தூணில் சாய்ந்து உட்கார இடங்கொடுக்கிற அந்தத் தாராளம், நம் காலத்தில் அரசாங்கமும் சங்கங்களும் நிர்மாணிக்கிற பொதுக் கட்டடங்களுக்கு, அவற்றிலும் 'அமைதி காக்கவும்' என்ற பலகையை வாசலிலேயே மாட்டி வைத்திருக்கும் நூலகங்களுக்கு, எவ்வாறு வாய்க்கும் என்பதே அந்தக் கேள்வி. படிப்பதற்கு மௌனம் வேண்டும். படித்தது மனத்தில் தங்குவதற்கோ பேச்சு வேண்டும். இவ்விரண்டையும் சண்டையில்லாமல் ஒரே கூரையின்கீழ்க் குடிவைப்பதில்தான் கட்டடக் கலைஞரின் சாமர்த்தியம் இருக்கிறதென்பது என் அபிப்பிராயம்.

மயிலாப்பூர் லஸ்ஸில் இருக்கும் ரானடே நூலகத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1901-இல் காலமான நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயின் ஞாபகார்த்தமாக, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி அய்யரும் அவரைச் சார்ந்தவர்களும் 1904-ஆம் ஆண்டு தோற்றுவித்த ஸ்தாபனம் அது. (ஸ்தாபனங்களை உண்டாக்குவது கிருஷ்ணசாமி அய்யருக்கு ஒரு பழக்கமாகவே இருந்தது போலும். 1906-இல் மயிலாப்பூர் சம்ஸ்கிருதக் கல்லூரி, 1907-இல் இந்தியன் வங்கி என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பியவர், 1911-இல், ஐம்பது வயது நிரம்புமுன்பே, மறைந்துவிட்டார்.) பிற்காலத்தில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் பெயரால் ஒரு ஹாலும் அந்த நூலகத்தோடு சேர்ந்தது. புத்தக அலமாரியும் பிரசங்க மேடையும் இப்படி அண்டை வீட்டுக்காரர்களாக இருப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. பத்திரிகை புரட்ட வந்தவர் காதில் சங்கீதம் விழுகிறது. கச்சேரிக்கு வந்தவர் கண்ணில் புத்தகம் படுகிறது. கூட்டம் கலைந்த பிறகு, பிரசங்கி சொன்னது சரியா தவறா என்று நாலைந்து பேர் படியருகே நின்று அரைமணி நேரம் தர்க்கம் செய்கிறார்களே, உண்மையான வகுப்பு அங்கேதான் ஆரம்பமாகிறது.

சுவரே இல்லாமலும் இதைச் சாதிக்கலாம் என்பதற்கு அடையாறு சாட்சி. பிரம்மஞான சபையின் தோட்டத்தில், 1886-இல் கர்னல் ஆல்காட் தொடங்கிய அடையாறு நூலகம் ஓலைச்சுவடிகளைச் சேகரித்துப் பாதுகாத்து வந்தது ஒருபுறம் இருக்க, அதே தோட்டத்து ஆலமரம் பெருங்கூட்டங்களுக்கு நிழல் விரித்துப் பேச்சரங்கமாகவே விளங்கியது. 1989-இல் அடித்த புயற்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள் மட்டும் மரங்களாய் நின்று தழைக்கின்றன.

ஆனால் நூலகத்துக்குள்ளேயே மனிதரை மனிதரோடு சேர்த்துவைக்கும் வேலையைத் தொடங்கியவர் சீயாழி இரா. அரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பதவியேற்ற அவர், நூலக இயலின் ஐந்து விதிகளை 1931-இல் புத்தகமாக வெளியிட்டார் என்பதைப் பலரும் அறிவர். அலமாரிகளின் பூட்டைத் திறந்துவிட்டார் என்பதைச் சிலரே நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த நாளில் நூல் வேண்டுமென்றால் ஒரு சீட்டில் பெயரை எழுதிக்கொடுத்துவிட்டு, சிப்பந்தி உள்ளேயிருந்து எடுத்துவரும் வரையில் காத்திருக்க வேண்டும். வாசகனே அலமாரிக்குப் போகலாம் என்று ஆனவுடன், தேடி வந்த நூலுக்குப் பக்கத்தில் தேடாத நூல் அகப்பட்டது. அதே வரிசையில் துழாவிக்கொண்டிருக்கும் இன்னொரு மனிதரும் அகப்பட்டார். பூட்டிய அலமாரிக்கு ஒரு சந்து போதும். திறந்த அலமாரிக்கோ இருவர் இடித்துக்கொள்ளாமல் நின்று புரட்டவும், மூன்றாமவர் கடந்து போகவும் அகலம் வேண்டும். ஆகவே அரங்கநாதன் செய்தது நிர்வாகச் சீர்திருத்தம் மாத்திரமன்று, கட்டடச் சீர்திருத்தமுமாகும்.

இனி கோட்டூர்புரத்துக்குப் போவோம். 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணாவின் பிறந்த நாளன்று, திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் எட்டு ஏக்கர் நிலத்தில் ஒன்பது தளங்களாக நிற்கிறது. பன்னிரண்டு லட்சம் நூல்களை வைக்க இடமிருக்குமாறு அதைத் திட்டமிட்டார்கள். அவ்வளவு பெரிய கட்டடத்தை முதன்முதலாகப் பார்க்கிறவருக்குப் பிரமிப்பு உண்டாவது இயல்பே. ஆனால் பிரமிப்பினால் யாரும் படிப்பதில்லை என்பதால், நாம் சாவகாசமாக உள்ளே சென்று, எந்த இடத்தில் எவர் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்ப்போம்.

பார்வையற்றோருக்கான பிரெய்ல் பிரிவைத் தரைத்தளத்திலேயே வைத்திருக்கிறார்கள். லிப்ட் நின்றுபோனாலும் அங்கே வருபவருக்குத் தொல்லையில்லை. குழந்தைகள் பிரிவு முதல் தளத்தில். நடுவே கிளை விரித்து நிற்கும் செயற்கை மரத்தடியில், காலை நீட்டியும் குப்புறப் படுத்தும் படிக்கிற குழந்தைகளைக் கண்டு, 'நேராக உட்கார்' என்று சொல்ல வாயெடுத்த பெற்றோர்கூடச் சற்று நேரத்தில் தாமும் தரையில் அமர்ந்து படக்கதையைச் சத்தமாக வாசித்துக்காட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கும் மேலே இரண்டாம் தளத்தில் தமிழ் நூல்கள். பிறகு ஏற ஏறச் சட்டம், கணிதம், மருத்துவம், பொறியியல், வரலாறு. கீழே கலகலப்பு, மேலே போகப் போக நிசப்தம் என்ற இந்த அடுக்கு முறை ஓர் எளிய யுக்திதான். ஆயினும் அதனால் 'சத்தம் போடாதே' என்று அதட்ட வேண்டிய வேலை முக்கால்வாசி குறைந்துவிடுகிறது.

எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது, சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிப்பதற்கென்றே ஒதுக்கிய பகுதி. நூலகத்தின் நூலைத் தொடாமலே நாள் முழுவதும் நூலகத்தில் இருக்கலாம் என்று அனுமதிப்பது, பழைய கணக்கில் பார்த்தால், விந்தையான ஏற்பாடு. ஆனால் ஓர் அறையில் நாலு பேர் வசிக்கும் வீட்டிலிருந்தும், மின்விசிறிக்குச் சண்டையிட வேண்டிய மேன்ஷனிலிருந்தும் கிளம்பி வருகிற தேர்வாணையப் பரீட்சைக்காரருக்கு வேண்டியது புத்தகமன்று; ஒரு மேஜை, ஒரு விளக்கு, தம்மைப்போலவே முட்டி மோதிக்கொண்டிருக்கும் சக மனிதர்கள். காலையிலேயே தோளில் பை, கையில் டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், சுருள் கம்பி கோத்த நகல் கட்டு ஆகியவற்றோடு வந்து இடம் பிடிப்பவர், மத்தியானம் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது, ரெப்போ விகிதம் உயர்ந்தால் விலைவாசி ஏன் தணியும் என்று அடுத்த மேஜைக்காரரிடம் கேட்கிறார். அவர் சொல்லிக்கொடுத்துவிட்டு, அரசியல் சாசனத்தில் தமக்குள்ள சந்தேகத்தைத் திருப்பிக் கேட்கிறார். கட்டணமில்லாத இந்தப் பாடசாலையை எந்த இலாகாவும் திறந்துவைக்கவில்லை. இடம் இருந்ததால் தானே முளைத்தது. சனிக்கிழமை மாலைகளில் 'பொன்மாலைப் பொழுது' என்று நடத்தப்பெற்ற கூட்டங்களுக்கு எழுத்தாளர்களைக் கேட்க வந்தவர்களிலும் இந்தப் பரீட்சைக்காரர்கள் சிலர் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

2011 நவம்பரில் இந்தக் கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்ற அன்றைய அரசு தீர்மானித்ததும், உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும் வாசகர்கள் அறிந்தவை. அதன் அரசியலுக்குள் நான் புகவில்லை. திறந்து பதினான்கு மாதங்களே ஆன ஒரு கட்டடத்துக்காக அத்தனை பேர் கொதித்தெழுந்தார்கள் என்றால், அதற்குள் அங்கே உட்கார்ந்து பழகிவிட்டவர்கள் அநேகர் என்பதுதான் பொருள்.

படிப்பையும் பேச்சையும் ஒரே கூரையின்கீழ்க் குடிவைக்கும் யோசனை தூர தேசத்திலும் பலித்திருக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் 2018 டிசம்பரில் திறந்த 'ஓடி' என்ற மத்திய நூலகத்தில், கீழ்த்தளம் முழுதும் சந்திப்புக்கும் காப்பிக்கும், நடுத்தளத்தில் தையல் இயந்திரம் முதலிய கருவிகளோடு கூடிய பட்டறைகள், புத்தகங்கள் மேல்தளத்தில். குளிருக்கு அஞ்சி உள்ளே கூடுகிறவர்கள் அவர்கள்; வெயிலுக்கு அஞ்சி நிழலில் கூடுகிறவர்கள் நாம். ஆகையால் அவர்களுடைய கண்ணாடிச் சுவரை அப்படியே பெயர்த்துக்கொண்டு வருவது அறிவீனம். சென்னைக்கு வேண்டியது வடக்கு வெளிச்சமும், கடற்காற்று நுழையக் கிழக்கே ஜன்னலும், இருவர் உட்கார்ந்து பேச மூன்றாமவர் இடிக்காமல் நடந்துபோகும்படி எட்டடி அகலத் தாழ்வாரமும், சுவரோரமாக ஒன்றரை அடி உயரத்தில் ஒரு திண்ணையும்தான்.

நம் பொதுப் பணிகளில் நடப்பதோ வேறு. எஸ்டிமேட் மிஞ்சிவிட்டது என்று கோப்பு திரும்பி வந்தவுடன் முதலில் வெட்டப்படுவது தாழ்வாரம். ஒருபோதும் வெட்டப்படாதது முகப்பு வளைவும் பளபளக்கும் கிரானைட் தரையும். அந்தக் கிரானைட்டும் கண்ணாடியும் சேர்ந்து ஒரு நாற்காலியை இழுத்தால்கூடக் கூடமெங்கும் எதிரொலிக்கச் செய்கின்றன. பிறகு அமைதிப் பலகை வைக்கிறார்கள். மார்கழி சீசனில் டிக்கெட் வாங்காமலே சபா கேண்டீனுக்கு வந்து, காப்பி குடித்துக்கொண்டே முந்தின நாள் தோடியை அலசுகிற கூட்டத்தைப் பார்த்தாவது இவர்கள் கற்றுக்கொள்ளலாம். அந்த அலசலைக் கேட்டுக் கேட்டே ராகம் பிடிபட்டவர்கள் மயிலாப்பூரில் எத்தனையோ பேர்.

இந்தத் தொடரைப் படிக்கிற இஞ்சினீயர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் மேஜைக்கு அடுத்து வரும் கிளை நூலகத்தின் வரைபடம் எத்தனை சிறியதாயினும், கேட்டுக்கு வெளியிலாவது நிழலோடு கூடிய ஒரு திண்ணையும் குடிநீர்க் குழாயும் வரைந்துவிடுங்கள், செலவைக் குறைக்கச் சொன்னால் முகப்பு வளைவில் குறையுங்கள். அடுத்த வாரம், 2019-இல் நடைபாதை அகலமான பாண்டி பஜாருக்குப் போவோம்.