கேட்டபின் சுரக்கும் சதையி

குத்தரிசிச் சோறு, நந்திக்கடல் இறாலுக்குத் தேங்காய்ப்பால் விட்ட குழம்பு, கடைசியில் எருமைத் தயிர். முல்லைத்தீவில் ஒரு மத்தியானச் சாப்பாடு இது. விழுங்கியதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். மாச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் உடம்பில் சேரும்படி உடைக்கும் பெரும் பொறுப்பைப் படைத்தவன் சதையியிடம் கொடுத்திருக்கிறான். இரைப்பைக்குப் பின்னால், ஒரு சாண் நீளத்தில், ஏறத்தாழ 100 கிராம் நிறையில் கிடக்கும் சுரப்பி அது. நாளொன்றுக்கு அது தரும் சாறோ ஒன்றரை லீற்றர் அளவில் வரும்.

அவ்வளவையும் அது வீணே கொட்டிவிடுவதில்லை. இரணைமடுக் குளம் நிறைந்து கிடந்தாலும் வயலுக்குத் தேவைப்படும்போதுதான் துருசு திறக்கப்படும். சதையியும் அப்படித்தான், சாப்பாடு வந்த சேதி கிடைத்த பிறகே முழுவீச்சில் சுரக்கிறது.

சேதியைச் சொல்வது முன்சிறுகுடல். இரைப்பையிலிருந்து இறங்கும் கூழின் அமிலம் பட்டதும், குடற்சுவரின் சில கலங்கள் செக்ரீற்றின் என்ற ஓமோனை இரத்தத்தில் விடுகின்றன. உடனே சதையியின் கான்களிலிருந்து இருகாபனேற்று நிறைந்த நீர் பாய்ந்து அமிலத்தைத் தணிக்கிறது. இறாலின் புரதமும் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் வேறு கலங்களைத் தொட, அவை கொலிசிஸ்ரோகைனினை விடுகின்றன. நொதியங்களை வரவழைப்பது இதுதான். மனிதரில் பெரும்பாலும் வேகசு நரம்பைத் தூண்டியே இதைச் சாதிக்கிறது. அதே நேரம் பித்தப்பையையும் சுருங்கவைத்து, கொழுப்பைக் கரைக்கப் பித்தத்தையும் அனுப்பிவிடுகிறது.

முன்சிறுகுடல் சதையியின் தலைப்பகுதியைச் சுற்றி வளைந்து கிடக்கிறது. இரண்டுக்கும் இடையில் விரற்கடை இடைவெளிகூட இல்லை. ஆனாலும் இரத்தத்தில் கலந்த செக்ரீற்றின் ஈரல், இதயம், நுரையீரல் எல்லாம் கடந்து, திரும்பவும் இதயத்துக்கு வந்துதான் சதையியைச் சேர்கிறது. இவ்வளவு சுற்றுக்கும் ஒரு நிமிடமளவே போதும். வழியில் எத்தனையோ உறுப்புகளைத் தொட்டும், தனக்குரிய கலங்களை அது தவறவிடுவதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

இந்த இரகசியம் மனிதருக்குத் தெரியவந்தது 1902 ஜனவரி 16 அன்று. அதுவரை எல்லாம் நரம்பின் வேலை என்றே நம்பியிருந்தார்கள். இலண்டன் யுனிவர்சிற்றி கல்லூரியில் பேலிஸ், ஸ்ராலிங் என்ற ஆய்வாளர் இருவரும் மயக்கிய நாயொன்றின் சிறுகுடற் பகுதிக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, அதற்குள் அமிலம் விட்டார்கள். சதையி சுரந்தது. குடலின் உட்படலத்தைச் சுரண்டி, அமிலத்தோடு அரைத்து வடித்து, நாளத்தில் ஏற்றினார்கள். அப்போதும் சுரந்தது! ஓமோன் என்ற பெயரை ஸ்ராலிங் வழங்கியது 1905 இல்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். புரதத்தைச் சிதைக்கும் திரிப்சின் சதையியையே தின்னக்கூடியது, ஏனென்றால் சதையியும் புரதத்தால் ஆனதுதான். அதனால் கலத்துக்குள் அது திரிப்சினோசன் என்ற செயலற்ற வடிவில், நுண்ணிய மணிகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. தப்பித்தவறி விழித்துக்கொண்டால் அடக்குவதற்கு, தடுக்கும் புரதமொன்றும் கூடவே வைக்கப்பட்டிருக்கிறது. குடலை அடைந்த பிறகு, அங்குள்ள என்ரரோகைனேஸ் நொதியம் ஒரு சிறு துண்டை வெட்டிவிட, திரிப்சின் வேலை தொடங்குகிறது. பித்தக்கல்லாலோ குடியாலோ இந்த ஒழுங்கு குலைந்தால் சதையி தன்னைத்தானே செரிக்கத் தொடங்கும். அந்த வயிற்றுநோவின் கொடுமை பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

2009 இல் போரின் இறுதி நாட்களில் அரிசியும் உப்புமிட்ட கஞ்சியால் முள்ளிவாய்க்காலில் உயிர் பிடித்துக்கிடந்த சனத்தின் மண்ணிலிருந்து பட்டினியைச் சொல்லாமல் இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. கடும் போசாக்கின்மையில் பிள்ளைகளின் சதையிக் கலங்கள் சுருங்கி, நொதியங்களும் குறைந்துபோகும். ஆனால் அந்தச் சுரப்பி அப்படியே செத்துப்போவதில்லை. சிறிது சிறிதாக ஊட்டி, புரதம் திரும்பவும் கிடைக்கத் தொடங்கினால், பெரும்பாலான பிள்ளைகளில் கலங்கள் தேறி, நொதியங்கள் மறுபடி சுரக்கத் தொடங்குகின்றன.